கைவாகு இல்லை என்ற அறிக்கை

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் ஒருவரும் நான் அங்கே இல்லையே என்று நழுவக் கூடாது.

1957ஆம் ஆண்டு, மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. இடம், மலாயாவில் காஜா பெராங் தமிழர் படிப்பகத்தின் கூடம். மின்விசிறிக்கு நேர் கீழே மேசை. அதன் பின்னால் கை வைத்த நாற்காலியில் தலைவர் அடைக்கப்பன் செட்டியார். அவருக்கு வலப்பக்கம், மேசையில் முக்கால்வாசியைத் தம் கோப்புகளால் நிரப்பிக்கொண்டு செயலாளர் மாணிக்கவாசகம். இடது முனையில், பாதி மேசையிலும் பாதி சுவரிலுமாக ஒண்டிக்கொண்டு ஓவிய ஆசிரியர் சேதுராமன். எதிரே முதல் இரண்டு வரிசைகளில் ஆண்கள் வகுப்பைச் சேர்ந்த பதினான்கு பேர். அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை காலியாக விடப்பட்டிருந்தது. அதற்கும் பின்னால், சைக்கிள் நிறுத்தும் பக்கத்து ஜன்னலோரம் ஒரு நீள பெஞ்சு. பெண்கள் வகுப்பு ஆறு பேரும் அதில்தான். ஜன்னலை ஒட்டித் தலைவரின் மனைவி நாகம்மை ஆச்சி. அவர் பக்கத்தில் பெரியாஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் ருக்மணி. மூவர் நெருக்கியடித்துக்கொண்டு நடுவில். வெளி முனையில் தையற்காரி அஞ்சலை.

காலியாக விட்டிருந்த அந்த வரிசையை அஞ்சலை உள்ளே வந்ததுமே பார்த்துவிட்டாள். எட்டு நாற்காலிகள். எட்டும் நல்ல நாற்காலிகள்.

எதையும் எண்ணிப் பார்த்து வரிசை போடுவது அவள் வழக்கம். ஜாசின் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். காஜா பெராங்கில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் அவள் தையல் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்துதான் நிற்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அவள் எழுதிக் கொடுத்த மனுவால் வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்ததாக ஒரு பேச்சு உண்டு. ஜனவரியில் படிப்பகம் ஓவிய வகுப்பு தொடங்கியபோது பெண்களில் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். பூவேலைக்கு யாரோ வரைந்த மாதிரியைப் பார்த்துப் பார்த்துக் கை சலித்துவிட்டது. தானே வரைய வேண்டும் என்று ஆசை. ஆகஸ்டில் மலாயாவுக்குச் சுதந்திரம் வரும்போது படிப்பகத்துச் சுவரில் கண்காட்சி, அதில் இரு வகுப்பாரின் படங்களும் மாட்டப்படும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

செயலாளர் எழுந்து அறிக்கை வாசித்தார். ஆண்கள் வகுப்பைப் பற்றி இரண்டு பக்கம். பெண்கள் வகுப்பைப் பற்றி நான்கு வரி.

"ஐந்து மாதப் பயிற்சிக்குப் பிறகும் பெண்கள் வகுப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. அவர்களுக்கு இதில் கைவாகு இல்லை என்பது தெளிவு. ஆகவே ஜூன் மாதத்தோடு அவ்வகுப்பை நிறுத்தி, அவர்களிடமுள்ள சாமான்களை ஆண்கள் வகுப்புக்கு மாற்றுவதென்றும், கண்காட்சியில் ஆண்கள் வகுப்பின் படங்களை மட்டும் வைப்பதென்றும் செயற்குழுவுக்குப் பரிந்துரைக்கிறேன்."

அதோடு விட்டிருக்கலாம். சாட்சிக்கு ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். அது அஞ்சலை போட்ட செம்பருத்தி. சிவப்பு வண்ணம் தாளில் பரவாமல் முத்து முத்தாக நின்று, அப்படியே காய்ந்திருந்தது. தாள் அப்பளம் போல நெளிந்திருந்தது.

முதல் வரிசையிலிருந்து ருக்மணியின் தம்பி தியாகு சொன்னான்: "செம்பருத்திக்கு அம்மை போட்டிருக்கு சார். வேப்பிலை கட்டுங்க."

கூடம் சிரித்தது. சேதுராமன் மட்டும் சிரிக்காமல் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலை எழுந்தாள். "செயலாளர் ஐயா, ஒரு கேள்வி. கைவாகு இல்லைன்னு யாரு பார்த்துச் சொன்னது?"

"அறிக்கையில இருக்கேம்மா."

"அறிக்கைய எழுதினதே நீங்கதானே. ஒரு சனிக்கிழமையாவது எங்க வகுப்புக்கு வந்திருக்கீங்களா?"

"வந்து பார்க்கணுமாம்மா? படம்தான் எதிர்ல இருக்கே. நல்லா வந்த படம்னு நீங்களே சொல்வீங்களா?"

அஞ்சலை அந்தப் படத்தைப் பார்த்தாள். படம் நன்றாக வரவில்லை என்பது அவளுக்கே தெரியும். அதுதான் அவளைச் சுட்டது. அடைக்கப்பன் செட்டியார் பெஞ்சுப் பக்கமே பார்க்காமல், விசிறியைப் பார்த்துச் சொன்னார்: "ஆட்சேபம் இருந்தா எழுத்து மூலமா குடுக்கலாம். வெள்ளிக்கிழமை செயற்குழு. அதுக்குள்ள கைக்கு வந்துடணும்."

"எழுத்து மூலமா," என்றார் நாகம்மை ஆச்சி, பெஞ்சுக்கு மட்டும் கேட்கும்படி. "இன்னைக்கு மத்தியானச் சோத்தையும் எழுத்து மூலமாவே கேக்கட்டும்."

திரும்பும் வழியில் வெயில் மண்டையைப் பிளந்தது. குடையைப் பிரிக்கவே அஞ்சலைக்கு மறந்துவிட்டது. ருக்மணி மெல்லக் கேட்டாள்: "ஏன்க்கா, நெசமாவே நமக்குக் கை வரலையோ?"

அஞ்சலை நடுத்தெருவில் நின்றுவிட்டாள். செயலாளர் சொன்னதைவிட இது மோசம். அவர் எழுதியதை இவள் நம்பத் தொடங்கிவிட்டாள். நாளைக்கு இதையே மகளிடம் சொல்வாள்.

"ருக்கு, இந்தக் கையாலதான் நான் பொத்தான் ஓட்டை கட்டுறேன். ஒரு விரற்கடையில பதினாறு தையல் விழும். நீ பச்சக் கொழந்தைக்கு நரம்பு தேடுறப்ப டாக்டரே உன்னைத்தான் புடிச்சுக்கச் சொல்றாரு. வெள்ளிக்கிழமை ஆச்சி போடுற கோலத்துல ஒரு புள்ளி தப்பி நீ பார்த்திருக்கியா? இந்த ஆறு பேருக்கும் ஒரே நேரத்துல கை இல்லாம போயிடுச்சா? எங்கயோ சாமான்ல கோளாறு இருக்கு. உன் தம்பிய அவன் பொட்டியோட என் வீட்டுக்கு வரச் சொல்லு."

"அவன் வருவானா?"

"அவன் தைக்கக் குடுத்த சட்டை இன்னும் என்கிட்டதான் இருக்கு. வருவான்."

அன்று மாலையே ருக்மணியோடு தியாகு வந்தான். கையில் ஓவியப் பெட்டி, முகத்தில் பாதி வெட்கம். தையல் எந்திரத்தை மூடியிருந்த பலகையின் மேல் அவன் பெட்டியையும் தன் பெட்டியையும் அஞ்சலை அருகருகே திறந்து வைத்தாள்.

புதுத் துணியை அவள் ஒரு நாளும் நேரே வெட்டியதில்லை. முதலில் ஒரு முனையைக் கத்தரித்து நனைத்துப் பார்ப்பாள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோல். வண்ணத்தையும் அப்படியே பார்ப்பது என்று முடிவு செய்தாள். ஐந்து மாதம் முன்னாலேயே இதைச் செய்யத் தோன்றாதது ஏன் என்று உள்ளுக்குள் ஒரு குத்தல். ஆனால் படிப்பகம் கொடுத்த சாமானைச் சந்தேகப்பட வேண்டும் என்று யார் நினைப்பார்கள்?

முதலில் பென்சில். அவர்களுக்குக் கொடுத்தவை ஏதோ நில அளவை அலுவலகத்தில் மிஞ்சிய கெட்டிப் பென்சில்கள். கோடு போட்டால் ஆணியால் கீறியது போல் தாளில் பள்ளம் விழும், அழிரப்பர் தேய்த்தாலும் பள்ளம் போகாது. அந்தப் பள்ளத்தில் வண்ணம் ஓடித் தேங்கும். தியாகுவின் பென்சில் மையைப் போல மெத்தென்று கறுத்தது. சற்று சாய்த்துப் பிடித்தால் நிழல், நிமிர்த்திப் பிடித்தால் கோடு.

அடுத்தது தாள். அவர்களுடையது படிப்பகத்தின் துண்டறிக்கைகளை நகல் எந்திரத்தில் உருட்டி எடுக்கும் மெல்லிய தாள். தியாகுவினுடையது கெட்டியான டிராயிங் தாள், சொரசொரப்பாக, விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. மெல்லிய தாளில் தியாகுவின் பிரஷால் சிவப்பை இழுத்தாள். தாள் உடனே நெளிந்தது. இரண்டாம் முறை இழுத்ததும் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து எழுந்தது.

"பார்த்தியா ருக்கு. அவன் பிரஷுக்கும் அதே கதிதான். தாள்தான் குத்தவாளி."

இப்போது கெட்டித் தாளை எடுத்துத் தன் பிரஷைத் தண்ணீரில் நனைத்து, அதே சிவப்பைத் தொட்டு இழுத்தாள். வெற்றி வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

சிவப்பு பரவவில்லை. அந்த நல்ல தாளிலும் முத்து முத்தாக நின்றது. அதே அம்மை.

தியாகு பிரஷை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். "என்னாக்கா இது. தேங்கா எண்ணெ வாசன வருது."

"வராம? வாராவாரம் கழுவித் துடைச்சு, ஒரு சொட்டு தொட்டு நீவித்தானே வைக்கிறேன். ஆறு பேர் பிரஷையும் நான்தான் ஜாகா பண்றேன், பத்திரமா பார்த்துக்கிறேன்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமைகூட இருந்தது.

"எண்ணெயா?"

"முடிதானேடா அது? எண்ணெ வைக்காத முடி கொட்டிப் போயிடாதா?"

தியாகு சிரிக்க வாயெடுத்தான். அக்காள் ருக்மணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பெட்டியின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினான். "இதுல ஏழாவதா போட்டிருக்கேக்கா."

தலைப்பு: புதிதாக வரைவோர்க்குச் சில குறிப்புகள். உருட்டி எடுத்த எழுத்து. சேதுராமன் தயாரித்தது. அஞ்சலை நின்றபடியே வாசித்தாள். தாளை நனைத்து நான்கு ஓரங்களையும் சோற்றுப் பசையால் பலகையில் ஒட்டிக் காயவிட்டால் நெளியாது. இரண்டு கோப்பை வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்று கழுவுவதற்கு, ஒன்று வண்ணம் கலப்பதற்கு. வெளிர் வண்ணம் முதலில், அடர் வண்ணம் பிறகு. பிரஷைக் கோப்பைக்குள் தலைகீழாக நிற்க விடலாகாது. ஏழாவது: பிரஷில் எண்ணெய்ப் பசை அறவே கூடாது, பட்டுவிட்டால் சவுக்காரம் போட்டுக் கழுவுக.

அவள் காது சூடாகிவிட்டது. ஆறு பேரின் பிரஷ்கள். ஐந்து மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைக்குத் தலை வாருவது போல வாரி, எண்ணெய் தொட்டு, துணியில் சுற்றி வைத்தவள் அவள். செம்பருத்திக்கு அம்மை போட்டதே அவள்தான்.

கொல்லைப்பக்கம் போய்ச் சவுக்காரக் கட்டியில் பிரஷை மெல்லத் தேய்த்துக் கழுவினாள். ஒன்றுக்கு மூன்று முறை. உதறியபோது முடி தானாகக் கூர் கூடி ஊசி முனை போல நின்றது. அதற்கு அப்படி ஒரு முனை உண்டு என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பி வந்து கெட்டித் தாளில் ஒரே இழுப்பு. சிவப்பு வழிந்து, விரிந்து, ஓரத்தில் தானாகவே வெளிறி ஓர் இதழாக நின்றது.

ருக்மணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"தியாகு," என்றாள் அஞ்சலை. கோபம் திரும்பிவிட்டது, இந்த முறை சரியான இடத்தில் போய் நின்றுகொண்டு. "இந்தக் குறிப்பு யாருக்கெல்லாம் குடுத்தாங்க?"

"எல்லாருக்கும்தான்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆம்பளைங்க எல்லாருக்கும்."

மறுநாள் பிற்பகல், பள்ளி விட்டு சேதுராமன் சைக்கிளில் வரும் நேரத்துக்கு அஞ்சலை வாசலில் நின்றாள். அவர் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு நின்றார். இறங்கவில்லை.

"வாத்தியார் சார், இந்தக் குறிப்ப ஏன் எங்களுக்குத் தரல?"

"பொம்பளைங்களுக்கு வாயால சொன்னா போதும், தாள் வீணாகும்னு செயலாளர் சொன்னாரும்மா."

"சரி, வாயால சொன்னீங்களா?"

"சொன்னேனே."

"எங்க நின்னு?"

அவர் சைக்கிள் மணியைத் தடவினார். "வாசப்படியில."

"அஞ்சு மாசமா?"

"ஆம்பளை உள்ள வந்து பக்கத்துல நின்னா பேர் கெட்டுடும், படியத் தாண்டாதீங்கன்னு அதையும் அவர்தான் சொன்னாரு. இருபது நிமிஷம் சொல்லிட்டுப் போயிடச் சொன்னாரு. நான் கவுரவ ஆசிரியன்மா. நான் என்ன செய்ய முடியும்?"

"சார், ரவிக்கை தைக்க வர்ற பொண்ண நான் வாசப்படியில நின்னு தூரமா பார்த்து அளவெடுத்தா அந்த ரவிக்கை எப்படி இருக்கும்?"

சேதுராமன் சைக்கிளிலிருந்து இறங்கினார். அவள் நீட்டிய தாளை வாங்கினார். அதில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் குறிப்பு. மெல்லிய தாள், ஆண்கள் வகுப்பு பிரஷ். கெட்டித் தாள், எண்ணெய் பிரஷ். கெட்டித் தாள், கழுவிய பிரஷ். மெல்லிய தாளை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தாள்.

"மூணாவது இதழ் ரொம்ப நல்லா விழுந்திருக்கு," என்றார். "ஓரத்துல தண்ணி விட்ட பதம்... இது நான் சொல்லிக் குடுத்தது இல்லையே."

"அதப் பின்னால பேசலாம் சார். முதல்ல நீங்க பார்த்தத எழுதிக் குடுங்க. நடந்தது மட்டும்."

அவர் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, சைக்கிள் இருக்கையில் தாளை வைத்து எழுதினார்: இச்சோதனையைப் பார்த்தேன். டிராயிங் தாளும் குறிப்புகளும் பெண்கள் வகுப்புக்குத் தரப்படவில்லை. நான் அவ்வகுப்பின் வாசற்படியைத் தாண்டியதில்லை, ஒருவருடைய பிரஷையும் கையில் வாங்கிப் பார்த்ததில்லை. சே. சேதுராமன்.

எழுதி முடித்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தாற்போல் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார்.

செவ்வாய்க்கிழமை காலை நாகம்மை ஆச்சியும் ருக்மணியும் வந்து உட்கார்ந்ததும், அஞ்சலை மூன்று பக்கக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். எண்ணெய் பற்றிய பத்தி வந்ததும் ருக்மணி பதறினாள்.

"அக்கா, எண்ணெ சங்கதிய எதுக்கு எழுதுறீங்க? அதுவும் ஒண்ணாம் நம்பர் போட்டு? படிச்சுட்டு ஊரே சிரிக்கும்லா. தாளையும் பென்சிலையும் மட்டும் எழுதுங்க, போதும்."

"செம்பருத்தி ஏன் அப்படி ஆச்சுன்னு வெள்ளிக்கிழமை கேப்பாங்க. தாள்னு சொல்லவா? கெட்டித் தாள்லயும் அப்படித்தானே நின்னுச்சு. தியாகு வாயில நிக்குமா? நாம மறைச்சத செயலாளர் கண்டுபுடிச்சா மிச்ச எல்லாமும் பொய்யின்னு ஆயிடும்."

"அதுக்காக..."

"நான் எண்ணெ வச்சேன். தெரியாம வச்சேன். தப்பு என்னோடது, எழுதிடறேன். அஞ்சு மாசம் ஒருத்தர்கூட அந்தப் பிரஷை வாங்கிப் பார்க்கல பாரு, அது யாரோடது?"

ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "படி. நிறுத்தாத."

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"முதலாவது, பிரஷ்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது அடியேன் அஞ்சலை. தலைமுடிக்குச் செய்வதை அதற்கும் செய்தேன். மற்ற ஐவருக்கும் இதில் பங்கில்லை. சிரிக்க விரும்புவோர் சிரித்துக்கொள்ளலாம். இரண்டாவது, கூடாது என்று சொல்லும் குறிப்பு பதினான்கு பேருக்குக் கொடுக்கப்பட்டு ஆறு பேருக்கு மறுக்கப்பட்டது. அந்தக் குறிப்பை உருட்ட வேண்டிய தாளை எங்களுக்குப் படம் போடக் கொடுத்தீர்கள். மூன்றாவது, ஆசிரியரை வாசற்படியில் நிறுத்திவிட்டு, மாணவருக்குக் கைவாகு இல்லை என்று எழுதினீர்கள். கற்றுக்கொடுக்காத பாடத்தில் தேர்வு வைத்து, தோற்றவர்களின் பென்சிலையும் பிடுங்கிக்கொள்வது எந்த ஊர் முறை? நாடு முழுவதும் சொந்தக் காலில் நிற்கப்போகிற ஆண்டில் ஆறு பெண்கள் ஒரு கூடத்தின் உள்ளே நிற்க மனுப்போட வேண்டியிருக்கிறது.

"ஆகவே கேட்பது: வகுப்பு ஜூனுக்குப் பிறகும் நடக்க வேண்டும். ஆண்களுக்குத் தரும் அதே தாள், அதே பென்சில், அதே குறிப்பு எங்களுக்கும் வேண்டும். ஆசிரியர் உள்ளே வந்து நின்று கற்றுத்தர வேண்டும். பேர் கெடும் என்று அஞ்சினால் செயலாளரும் வந்து உட்காரலாம், பின்வரிசையில் பெஞ்சு இருக்கிறது. இதன்படி இரண்டு மாதம் கொடுங்கள். ஆகஸ்டில் எங்கள் படங்களைச் சுவரில் பார்த்துவிட்டு, அப்போது கைவாகைப் பற்றி எழுதுங்கள்."

ஆச்சி பேனாவை வாங்கினார். அஞ்சலையின் கையெழுத்துக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக, அ. நாகம்மை என்று எழுதினார். "வெள்ளிக்கிழமை இத எங்க வீட்டு ஐயாதான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும். இந்தப் பேரு வர்ற எடத்துல விசிறியப் பார்க்க முடியுமான்னு பார்க்கிறேன்."

ருக்மணி கொஞ்ச நேரம் தயங்கினாள். பிறகு அவளும் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "நாளைக்கு எனக்கும் அந்தப் பிரஷக் கழுவித் தாங்கக்கா," என்றாள். மற்ற மூவரின் வீட்டுக்கும் அவளே நடந்துபோய்க் கையெழுத்து வாங்கி வந்தாள்.

சோதனைத் தாளை மடிக்கக் கூடாது என்பதால், சட்டை வரும் பெட்டியின் அட்டையை வெட்டி இரு பக்கமும் வைத்தாள் அஞ்சலை. சேதுராமன் எழுதியது மேலே தெரியும்படி கடிதத்தோடு சேர்த்துப் பெரிய பழுப்பு உறைக்குள் நுழைத்தாள். காலையில் குறிப்பின்படி ஒரு தாளை நனைத்துப் பலகையில் ஒட்டியிருந்தாள். அதற்குக் குழைத்த சோற்றுப் பசை கிண்ணத்தில் மீதி இருந்தது. அதைத் தொட்டு உறையின் வாயில் தடவி மடித்து, இஸ்திரிப் பெட்டியை மேலே தூக்கி வைத்தாள். ஒட்டிக்கொண்டதா என்று ஓரம் ஓரமாக நகத்தால் நீவிப் பார்த்தாள்.

பஸ் பிடித்து டவுன் தபால் நிலையத்துக்குப் போனாள். பதிவுத் தபால் என்றதும், கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் உறையைத் திருப்பிப் பார்த்தார். அனுப்புகிறவரும் காஜா பெராங், பெறுகிறவரும் காஜா பெராங். இரண்டு தெரு நடந்தால் கையிலேயே கொடுத்துவிடலாமே அக்கா என்று மலாயில் கேட்டார்.

"கையில் கொடுத்தால் வரவில்லை என்று சொல்வார்கள் துவான்," என்று அவளும் மலாயிலேயே மரியாதையாகச் சொன்னாள். "முத்திரையை நன்றாக அழுத்திக் குத்துங்கள். தேதி தெரிய வேண்டும்."

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு முறை குத்தினார். தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, அஞ்சலை ரசீதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். உறை அவள் கண்ணெதிரே பைக்குள் போய் விழுந்தது.